ஆறு வார வெயில்

கோலெட் ரிம்மர் சிறைக் கதவுக்கு வெளியே வந்தபோது வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்கால் மணி. மார்ச் மாதத்துத் தூறல். கையில் அவர்கள் கொடுத்த பிளாஸ்டிக் பை. உடம்பில் ஆறு வாரத்துக்கு முன் நீதிமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு போன அதே கறுப்புக் கோட்டு. சாலையின் எதிர்ப்பக்கம் அக்கா கெய்னரின் சின்னக் கார் நின்றிருந்தது.

கெய்னர் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிறகு கெய்னர் தங்கையின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அக்காவின் பார்வை போய்த் தொழில்காரியின் பார்வை வந்தது.

"என்னடி கோலெட், பால்ல முக்கி எடுத்த மாதிரி இருக்கே?"

"ஜன்னலோரமா நாற்காலி போட்டு ஒக்கார வச்சாங்கன்னு நெனச்சியா?"

"ஒரு பூச்சு பத்தாது. ரெண்டு போடணும். ஏறு, நேரமில்ல."

வெயிலில் காய்ந்தது போன்ற பழுப்பு நிறம் வர உடம்பில் 'டேன்' பூசுவதுதான் கெய்னரின் பிழைப்பு. ஹைட்டனில் இருக்கும் அவள் வீட்டு முன்னறைக்கு வெள்ளிக்கிழமைதோறும் இருபது பெண்களாவது வருவார்கள். சனிக்கிழமை என்றால் கல்யாணம், பிறந்தநாள், குதிரைப் பந்தயம் என்று ஏதாவது இருக்கும். லிவர்பூலில் எந்தப் பெண்ணும் வெளுத்த காலோடு அதற்கெல்லாம் கிளம்புவதில்லை. இந்த வாரம் அத்தனை பேரையும் வியாழனன்றே வரவழைத்து முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமையைத் தங்கைக்காகக் காலியாக வைத்திருந்தாள்.

எல்லாம் ஓர்லாவுக்காக. கோலெட்டின் ஒரே மகள். ஒன்பது வயது. அம்மா இத்தனை நாளும் ஸ்பெயினின் வெயில் தீவான டெனரீஃபில் இருக்கிறாள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். கோலெட்டின் தம்பி டெக்லன் டாக்சி ஓட்டுகிறவன். வேகமாக ஓட்டி ஓட்டி அவன் உரிமத்தில் ஒன்பது அபராதப் புள்ளி ஏறியிருந்தது. நான்காவது முறையும் கேமராவில் சிக்கியபோது, இன்னும் மூன்று புள்ளி ஏறினால் உரிமமே போய்விடும் என்ற நிலை. சொந்தக் காரில்தான் போயிருந்தான். "நீ ஓட்டினதா எழுதிக் குடு கோலெட், உனக்கென்ன, மூணு புள்ளி, அதோட போச்சு" என்று வந்து நின்றான். காகிதத்தில் ஒரு கட்டம், ஒரு கையெழுத்து. போட்டுக் கொடுத்தாள். பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான்தான் ஓட்டினேன் என்றாள். பிறகு காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். எங்கே போனேன், எதற்குப் போனேன் என்று அங்கேயும் ஒரு கதை சொன்னாள். கடைசியில் கேமரா எடுத்த படத்தைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஆளுக்குத் தாடி இருந்தது.

டெக்லனுக்கு ஆறு மாதம், அவளுக்கு மூன்று மாதம். அதில் பாதியை உள்ளே கழிக்க வேண்டும். எச்சரித்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் மாற்றுத்துணிகூட எடுத்துப் போகவில்லை.

அன்று மாலை பள்ளிவிட்டு வந்த ஓர்லா "அம்மா எங்க?" என்று கேட்டபோது, கோலெட்டின் கணவன் ரே வாய்க்கு வந்ததைச் சொன்னான். பஸ் டிப்போவில் அவனோடு வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவனின் அக்கா டெனரீஃபில் காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறாள். அந்த அக்காவுக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை, அம்மா உதவிக்குப் போயிருக்கிறாள், ஆறு வாரத்தில் வந்துவிடுவாள் என்றான். சொன்ன பிறகு அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. சிறையிலிருந்து பேசும்போதெல்லாம் கோலெட்டும் அந்தப் பொய்யின்மேலேயே நின்று பேச வேண்டியதாயிற்று. பின்னால் பெண்களின் கூச்சல் கேட்டால் கடற்கரையில் கூட்டம் என்பாள். லைன் கட்டாகிவிட்டால் அடுத்த முறை கடல் கடந்த லைன் என்பாள்.

இப்போது ஓர்லா விமான நிலையத்துக்கே வருகிறாளாம். டெனரீஃப் விமானம் மாலை ஆறு பத்துக்கு இறங்குகிறது என்று அப்பாவின் போனில் அவளே பார்த்து வைத்திருந்தாள்.

"வேணாம்னு ரே எவ்ளோவோ சொன்னானாம். கேக்கல. அட்டையில உன் பேரு எழுதி வச்சிருக்காளாம்" என்றாள் கெய்னர்.

கோலெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹைட்டன் வீட்டில் முதல் வேலை குளியல். கெய்னர் சொரசொரப்பான கையுறையைக் கொடுத்து, முழங்கை, முழங்கால், கணுக்கால், பாதம் என்று வரிசையாகத் தேய்க்கச் சொன்னாள். சிறைச் சோப்பில் தோல் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"வறண்ட தோலு நிறத்தைக் குடிக்கும். அங்கங்க திட்டு விழும். நல்லாத் தேயி!" என்று கதவுக்கு வெளியிலிருந்து சத்தம் வந்தது.

பிறகு முன்னறையில், தரையில் விரித்த பழைய துணியின்மேல், கெய்னரின் நீச்சலுடையைப் போட்டுக்கொண்டு கோலெட் கைகளை விரித்து நின்றாள். கெய்னர் முட்டிகளிலும் விரல் கணுக்களிலும் மட்டும் கிரீமைத் தடவினாள். புட்டியை அமுக்கிப் பழுப்பு நுரையைக் கையுறையில் எடுத்து, காலிலிருந்து தொடங்கி மேல்நோக்கி நீளநீளமாக இழுத்தாள்.

"எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி பூசினா கடைச்சரக்குன்னு கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும். வெயில் அப்படியா அடிக்கும்? தோள்ல அதிகம் விழும், நெத்தியில விழும், மூக்கு மேல விழும். கைக்கு உள்பக்கம் விழாது. தாடைக்குக் கீழ விழாது. நீ கடையில தட்டு தூக்கின, கடலோரம் நடந்த. படுத்துக் காய்ஞ்சவ இல்ல. அதனால தொடையில கம்மி, முன்கையில ஜாஸ்தி."

தோள்வாரை ஒரு நூல்கூட நகரவிடாமல் டேப் போட்டு ஒட்டினாள், வெள்ளைக்கோடு விழுவதற்காக. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தங்கையின் மணிக்கட்டில் கட்டி, அதைச் சுற்றிப் பூசினாள். முகத்துக்கு நுரையில் கிரீமைக் கலந்து இளக்கிக்கொண்டாள். குளிர்க்கண்ணாடி போட்டிருந்தது போலத் தெரிய, கண்ணைச் சுற்றி லேசாக விட்டாள். காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடம், பிடரி என்று ஒன்றையும் மறக்கவில்லை. கடைசியாகக் கையுறையில் ஒட்டியிருந்த மிச்சத்தை மட்டும் புறங்கைகளில் இழுத்துவிட்டாள்.

கோலெட் கண்ணை வேகமாகச் சிமிட்டினாள். ஆறு வாரமாக அவளைத் தொட்டவர்கள் சோதனை போடத் தொட்டவர்கள்தான். இப்போது அக்காவின் கை முதுகில் மெதுவாக ஏறி இறங்கியது.

"ஏய், அழாதடி! கோடு விழும். ஆறு மணி நேரத்துக்குத் தண்ணியே ஆகாது. வேர்வையும் கூடாது, கண்ணீரும் கூடாது."

"அழல."

"மூச்ச இழுத்து விடு. மேல பாரு."

கோலெட் மேலே பார்த்தாள். கூரையில் விளக்கைச் சுற்றி ஒரு விரிசல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

ஒரு பூச்சு காய்ந்து, அடுத்ததும் காய்ந்தது. அறை முழுக்க அந்த நுரைக்கே உரிய நமுத்த பிஸ்கட் வாசனை. கெய்னரின் பழைய கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, எதன்மேலும் சாயாமல் நாற்காலி நுனியில் கோலெட் உட்கார்ந்தாள். கையை நனைக்கவோ எதையும் பிடிக்கவோ கூடாது என்பதால் கெய்னரே ரொட்டியைப் பிட்டு ஊட்டிவிட்டாள். டீயைக் குழாய் போட்டு வாயருகே பிடித்தாள்.

"அம்மா செத்த அன்னிக்கும் நீதான் எனக்கு ஊட்டின" என்றாள் கோலெட்.

"அன்னிக்கும் நீ வாயத் தொறக்கல. தொற."

சாப்பிட்டு முடித்ததும் கெய்னர் ஒரு தாளை எடுத்து வந்தாள். கடைக்காரம்மா பெயர், தெருப் பெயர், கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும் என்பது, பஸ் நம்பர் எல்லாம் எழுதி வைத்திருந்தாள்.

"கேக்கறேன், சொல்லு. கடையில காலைல எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"

"ஏழு."

"ஏழர. இங்க எழுதியிருக்கு பாரு. கடலு எவ்ளோ தூரம்?"

கோலெட் அந்தத் தாளையே பார்த்தாள். காவல் நிலையத்துக்குப் போவதற்கு முந்தின நாள் டெக்லனும் இப்படித்தான் ஒரு தாளோடு வந்து எதிரே உட்கார்ந்திருந்தான். எந்த ரோடு, எத்தனை மணி, திரும்பும்போது எங்கே பெட்ரோல் போட்டாய்.

"போதும் கெய்னர்."

"ஒரு தடவ..."

"போதும்னு சொன்னேன்ல."

கெய்னர் தாளை மடித்து வைத்துவிட்டாள். அவளுக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். "புள்ளைக்காகத்தானடி" என்று மட்டும் சொன்னாள்.

நாலரை மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கோலெட் உடம்பை அலசினாள். காலடியில் பழுப்புத் தண்ணீர் ஓடி, பிறகு தெளிந்தது. துடைத்துக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். ஆறு வாரமாக முழு உருவத்தை எந்தக் கண்ணாடியிலும் அவள் பார்த்ததில்லை. எதிரே நின்றவளின் தோள் தேன் நிறத்தில் மினுங்கியது. மூக்கின்மேல் லேசான சிவப்பு. தோளில் வெள்ளைக்கோடு, மணிக்கட்டில் வெள்ளைப்பட்டை. நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கி, கடல்காற்று வாங்கியவள் போல இருந்தாள். அழகாகத்தான் இருந்தாள். அதை மறுக்க முடியவில்லை.

"இருவது வருஷத்துல இப்படி ஒரு வேல நான் செஞ்சதில்ல" என்றாள் கெய்னர். குரல் உடைந்திருந்தது.

விமான நிலையத்தில் கெய்னர் அவளை வாசலில் இறக்கிவிட்டு, ஒரு பெட்டியையும் கொடுத்தாள். அதற்குள் பழைய துண்டுகள். கைப்பிடியில் போன வருஷத்து விமானச் சீட்டு ஒட்டியிருந்தது, ஊர்ப் பெயர் மட்டும் கிழிந்து போயிருந்தது. கோலெட் உள்ளே போய், வருகைக் கதவுக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றாள்.

ஆறரைக்கு டெனரீஃப் கூட்டம் வெளியே வந்தது. நெற்றி உரிந்த ஓர் ஆள் அரைக்கால் சட்டையோடு தூறலைத் திட்டிக்கொண்டே போனான். ஒரு பெண்ணின் தோள் நண்டு போலச் சிவந்திருந்தது. பை வாரை அதன்மேல் போட முடியாமல் கையில் பிடித்திருந்தாள். தூக்கக் கலக்கத்தில் அழும் குழந்தைகள், வைக்கோல் தொப்பிகள். கோலெட் பெட்டியை இழுத்துக்கொண்டு நடுவில் புகுந்து அவர்களோடு நடந்தாள். யாரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர்களில் ஒருத்தியாகவே இருந்தாள்.

"அம்மா!"

ஓர்லா அட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கோலெட் அப்படியே மண்டியிட்டு அவள் தலைமுடியில் முகத்தைப் புதைத்தாள். நிமிர்ந்தபோது ரே நின்றிருந்தான். இளைத்திருந்தான். அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "நல்லாருக்கே கோலெட்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் கண் தரையில் இருந்தது.

காரில் ஓர்லா அம்மாவோடு பின்னால் உட்கார்ந்துகொண்டாள். தன் சட்டைக்கையை மடக்கிவிட்டு, அம்மாவின் முன்கையோடு தன் கையைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இங்க பாரேன்! நான் மாவு மாதிரி, அம்மா தேன் மாதிரி."

"ஓட்டறேன் கண்ணு."

"வாட்ச் அடையாளம்கூட இருக்கு! அம்மா, டால்பின் பாத்தியா?"

"ம்ம்... பாத்தேன்."

"எத்தன?"

"மூணு."

"குதிச்சுதா?"

"குதிச்சுது."

"அந்தக் கடைக்காரம்மாவுக்கு ஒடம்பு சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

சொல்லச் சொல்ல நாக்கு தானாகவே ஓடியது. அதுதான் கோலெட்டுக்குப் பயமாக இருந்தது. முதல் பொய்தான் கஷ்டம். பத்தாவது பொய் வழுக்கிக்கொண்டு வரும் என்பது அவளுக்குத் தெரியாததா?

ஓர்லா மெதுவாக, ரகசியம் போலச் சொன்னாள்: "திங்கக்கிழம நீ பள்ளிக்கூடத்துக்கு வரணும். கண்டிப்பா வரணும். எங்க கிளாஸ் ஃபேய் உன்னப் பாக்கணும்."

"எதுக்கு?"

"நீ ஜெயில்ல இருக்கேன்னு சொன்னா. எல்லாருக்கும் முன்னாடி. நான் அவ மூஞ்சிலயே குத்திட்டேன்."

முன்னால் ரேயின் தோள்கள் அசையாமல் நின்றன.

"மூக்குல ரத்தம் வந்துச்சு" என்றாள் ஓர்லா. "ஒரு வாரம் வெளயாட விடல என்ன. அவகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க. நான் கேக்கவே இல்ல. பொய் சொல்றவகிட்ட நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? இப்ப உன்னப் பாத்தா அவ வாய மூடிக்குவா."

"ரே," என்றாள் கோலெட், "வண்டிய நிறுத்து."

"இங்கயா?"

"ஆத்தோரமா எங்கயாவது நிறுத்து."

ஒட்டர்ஸ்பூல் நடைபாதைப் பக்கம் அவன் திருப்பினான். மெர்சி நதி அகலமாக, ஈயம் போலக் கிடந்தது. அக்கரையில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ரே இன்ஜினை அணைத்துவிட்டு, "கோலெட், வேணாமே. இன்னிக்கு வேணாம்" என்றான். கோலெட் மகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஓர்லா, ஃபேய் பொய் சொல்லல."

ஓர்லா சிரித்தாள். அம்மா ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்தாள்.

"நான் ஜெயில்லதான் இருந்தேன். டெக்லன் மாமா கார வேகமா ஓட்டினான். நான் ஓட்டினேன்னு எழுதிக் குடுத்தேன். போலீஸ்ல கேட்டப்பவும் பொய் சொன்னேன். அதுக்குத்தான் உள்ள வச்சாங்க. ஆறு வாரமும் அங்கதான் இருந்தேன். டெனரீஃப்புக்கு நான் போனதே இல்ல."

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அவள் அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"அப்ப இது?"

"பெரியம்மா பூசி விட்டா. காலைல."

ஓர்லா கட்டைவிரலை எச்சில் தொட்டு, அம்மாவின் முன்கையில் அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

"போகல."

"இப்பப் போகாது. ஒரு வாரம் ஆகும்."

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பெரியம்மாக்கு?"

"தெரியும்."

"ஃபேய்க்குக்கூடத் தெரியும்," என்றாள் ஓர்லா. "எனக்கு மட்டும்தான் தெரியாது."

அவள் காலடியில் கிடந்த பெட்டியைத் தூக்கி இருவருக்கும் நடுவில் இருக்கையில் வைத்தாள். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் ஒண்டிக்கொண்டாள். கிர்க்டேலில் வீடு வந்து சேரும்வரை காருக்குள் வைப்பர் சத்தம் மட்டும்தான்.

சனிக்கிழமை முழுக்க ஓர்லா தன் அறையை விட்டு வரவில்லை. கோலெட் குளியலறையில் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து துணியால் கையைத் தேய்த்தாள், காலைத் தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிர நிறம் அசையவில்லை. கெய்னரின் வேலை அப்படி. ரே வந்து வாசலில் நின்று பார்த்தான்.

"விடு கோலெட். தோலு பிஞ்சிரும்."

"நிம்மதியாத் தேய்க்க விடு."

அவன் குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். "அன்னிக்கு அவ பையைக் கழட்டி வச்சிட்டு அம்மா எங்கன்னு கேட்டா. எனக்கு அந்த ஒரு வார்த்த வாயில வரல. அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல."

"எனக்கும் ஒரு வார்த்ததான் வரல ரே. டெக்லன் வந்து கேட்டப்ப மாட்டேன்னு சொல்ல வரல."

அவன் அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டான். "ஃபேய் விஷயமா பள்ளிக்கூடத்துல இருந்து என்னக் கூப்பிட்டாங்க. தலையாட்டிட்டு வந்தேன். எம் பொண்ணு செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்டேன். அந்தப் புள்ள சொன்னது நெசம்னு மட்டும் சொல்லல." அவன் வெகுநேரம் அந்தத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தான்.

ஞாயிறு மதியம் வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும் வைத்து மூவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். ஓர்லா தலைகுனிந்து சாப்பிட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோது, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்கு ஃபேய்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். நீயும் வரணும்."

"வரேன்" என்றாள் கோலெட்.

அவள் இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தாள். தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரிந்தவர்கள் முன்னால் இந்த நிறத்தோடு போய் நிற்க வேண்டும். வெளிறிப்போய் நின்றிருந்தால்கூட ஐயோ பாவம் என்பார்கள். இது திருடிய சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திருடு கொடுத்தவள் வீட்டுக்கே போவது போல.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் பேச்சு சட்டென்று தணிந்தது. குழந்தைவண்டிகளோடு நின்ற பெண்கள் அவளைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "அங்க நல்ல வெயில்போல" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கினார்கள். கோலெட்டின் காது சூடாயிற்று. ஓர்லா திரும்பவில்லை. வேலியோரம் தன் மகளோடு நின்றிருந்த லிண்ட்ஸியை நோக்கி நேராக நடந்தாள். லிண்ட்ஸிதான் ஃபேயின் அம்மா. கிட்டே போனதும் ஓர்லாவின் கால் நின்றுவிட்டது.

கோலெட் அவளைத் தாண்டி முன்னால் வந்து, அந்தச் சின்னப்பெண்ணின் உயரத்துக்குக் குனிந்தாள். ஃபேயின் மூக்குத்தண்டில் பழுப்பு மஞ்சளாக ஒரு கன்றல் இன்னும் மிச்சமிருந்தது.

"ஃபேய், நீ சொன்னது உண்ம. நான் ஜெயில்லதான் இருந்தேன். ஓர்லாகிட்ட நாங்கதான் பொய் சொல்லி வச்சோம். அவ எங்கள நம்பித்தான் உன்ன அடிச்சா. தப்பு எம்மேல."

ஃபேய் அம்மாவின் கோட்டுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டாள்.

"அடிச்சது நான்தான்" என்றாள் ஓர்லா. குரல் சின்னதாக இருந்தது. "மன்னிச்சிரு. நீ பொய் சொல்றேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுக்கும்."

ஃபேய் யோசித்தாள். "மூக்கு ரொம்ப வலிச்சுது" என்றாள்.

"தெரியும்."

"சரி."

மணி அடித்தது. இரண்டு பெண்களும் உள்ளே போனார்கள், பக்கம் பக்கமாக இல்லை, ஒருத்தி பின்னால் ஒருத்தி. லிண்ட்ஸி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் சுலபத்தில் இளகுகிறவள் இல்லை.

"எம் பொண்ணு சொன்னதுக்கு நானும்தான் காரணம். நான் வீட்ல பேசினத அவ கேட்டிருக்கா" என்றாள் கடைசியில்.

"உள்ளதத்தான பேசின."

லிண்ட்ஸி அவள் கழுத்தையும் மணிக்கட்டையும் ஒரு முறை பார்த்தாள். "சும்மா சொல்லக்கூடாது, வேல சுத்தமா இருக்கு. யாரு பூசினது?"

"எங்கக்கா. ஹைட்டன்ல."

"வாட்ச் அடையாளம் வேற!" லிண்ட்ஸி தலையை ஆட்டினாள். அது கேலியா பரிவா என்று கோலெட்டுக்குப் புரியவில்லை. லிண்ட்ஸிக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. "சாயங்காலம் பள்ளிக்கூடம் விடறப்ப, மூணேகாலுக்கு இங்கதான் நிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க நிறம் கழன்றது. அழகாகக் கழலவில்லை. முதலில் கழுத்தில் திட்டுத் திட்டாக, பிறகு முழங்கையின் மடிப்பில், பிறகு கணுக்காலில் அழுக்குப்போல. கோலெட் மறுபடி தேய்க்கவும் இல்லை, முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கவும் இல்லை. காலையில் கொண்டுபோய் விட்டாள், மாலையில் அழைத்துவந்தாள். கேட்டதற்கு மட்டும் ஓர்லா பதில் சொன்னாள். புதன்கிழமை அவளே ஒரு முறை, "அந்த டால்பினும் பொய்தான?" என்றாள். ஆமாம் என்றாள் கோலெட். ஓர்லா தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு, படுக்கும் நேரம், ஓர்லாவின் அறையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள் கோலெட். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அங்க தனியாவா படுத்திருந்த?"

கோலெட் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "இல்ல. எதிர்க்கட்டில்ல பாலீன்னு ஒருத்தி. விகன் ஊர்க்காரி. கொறட்ட விடுவா பாரு, பஸ் கெளம்பற மாதிரி இருக்கும்."

"அவளுக்குப் புள்ள இருக்கா?"

"ஒரு பையன். உன்னவிட ரெண்டு வயசு பெரியவன். தினமும் அவனுக்குக் கடிதாசி எழுதுவா. எழுத்துப்பிழை இருக்கான்னு எங்கிட்டக் குடுத்துப் பாக்கச் சொல்லுவா."

"அவனுக்கு அவ எங்க இருக்கான்னு தெரியுமா?"

"தெரியும். பாக்க வருவான். வந்தா ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்க, சீட்டு வெளயாடுவாங்க."

ஓர்லா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நானும் வந்திருப்பேன்" என்றாள்.

வாரம் முழுக்க வராமல் இருந்த அழுகை இப்போது கோலெட்டுக்கு வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் நின்றாள்.

ஓர்லா அவளைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள்.

"என்ன சீட்டு வெளயாடுவாங்க?" என்று கேட்டாள்.